உஷார்! கணக்கு முடங்கிய மறுநாள் வரும் போன்

ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பக்கத்து மக்களுக்கு அவசரமாக ஒரு விஷயம். ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டால் பணம் வரவில்லையா? பாஸ்புக்கை நீட்டினால் ‘கே.ஒய்.சி. முடிஞ்சிருக்கு, அப்புறம் வாங்க’ என்று திருப்பி அனுப்பினார்களா? ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கேட்டுப் போன இடத்தில் மேனேஜர் கையை விரித்துவிட்டாரா? அப்படியானால் அடுத்த சில நாட்கள் உங்கள் போனை நீங்கள் சந்தேகத்தோடுதான் எடுக்க வேண்டும்.

பணத்தைப் பறிகொடுப்பவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. நான் பார்த்தவரை அது உண்மையில்லை. வங்கியில் அலைக்கழிக்கப்பட்டு, அரை நாள் கூலியையும் விட்டுவிட்டு, கோபமும் பதற்றமுமாக வீடு திரும்பியவர்கள்தான் சுலபமாக மாட்டுகிறார்கள். வங்கி சாத்திய கதவை ‘நான் திறந்து தருகிறேன்’ என்று ஒருவன் இனிக்க இனிக்கப் பேசினால் அந்த நேரத்தில் யாருக்குத்தான் மனசு போகாது?

முதலில் அந்த மெசேஜைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும். முகப்பில் வங்கியின் லோகோ. ‘உங்கள் கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது, இன்று இரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்’ என்று எழுதியிருக்கும். கீழே ஒரு ஃபைல். அதன் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடியும். அது படிவம் இல்லை, ஆப். தொட்டால் போனில் இறங்கி உட்கார்ந்துகொண்டு எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். நீங்கள் ‘அலவ்’ கொடுத்த நிமிடத்திலிருந்து உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அதை அனுப்பிய திருடனுக்கும் போகும். ‘யாருக்கும் ஓ.டி.பி. சொல்லவே இல்லையே சார்’ என்று போலீஸ் ஸ்டேஷனில் அழுகிறவர்கள் பொய் சொல்வதில்லை.

நம் கணக்கு முடங்கியது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்கள். தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே மெசேஜை ஆயிரக்கணக்கான பேருக்கு வீசுகிறான். அதில் சிலருக்கு நிஜமாகவே முடங்கியிருக்கும். அவர்களுக்கு அது வங்கி அனுப்பியதாகவே தோன்றும். இன்னும் மோசமான வழி ஒன்று உண்டு. ஆத்திரத்தில் கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று நாமே தேடுகிறோம். மேலே வரும் நம்பர் திருடனுடையதாக இருக்கலாம். அங்கே நாமே கூப்பிட்டு, நாமே கணக்கு நம்பரைச் சொல்கிறோம். ஃபேஸ்புக்கிலோ எக்ஸ் தளத்திலோ வங்கியைத் திட்டி எழுதினால், வங்கியின் பெயரிலேயே ஒரு போலிக் கணக்கு ‘சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் செல் நம்பரைத் தாருங்கள்’ என்று பதில் போடும். புகார் சொல்லப் போன இடத்திலேயே வலை விரித்திருக்கிறார்கள்.

இதில் வங்கிகளின் பங்கை நான் மறைக்க மாட்டேன். ‘உங்களுக்குக் கடன் ரெடி’ என்று ஏஜென்டுகள் பத்து இலக்க செல் நம்பரிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெரியாத குரலை வங்கி என்று நம்பும் பழக்கத்தை மக்களுக்கு ஏற்படுத்தியதே வங்கிகள்தான். கவுன்ட்டரில் நம்மிடம் ஆதார், பான், போட்டோ, கையெழுத்து எல்லாம் கேட்கிறார்கள். கேட்கட்டும், அது சட்டம். ஆனால் போனில் பேசுகிறவர் வங்கிக்காரர்தானா என்று நாம் கேட்க ஒரு வழி வேண்டாமா? அந்த வழி இப்போதுதான் வருகிறது. வங்கிகள் வாடிக்கையாளரைச் சேவைக்காகக் கூப்பிடும்போது 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் கூப்பிட வேண்டும், விளம்பர அழைப்பென்றால் 140-ல் தொடங்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளின் இணையதள முகவரி ‘பேங்க்.இன்’ என்று முடிய வேண்டும் என்று சொல்லி, 2025 அக்டோபர் 31-ஐக் கெடுவாகவும் வைத்தது. சாதாரண செல் நம்பரிலிருந்து ஒருவர் ‘ஹெட் ஆபீஸ் பேசறோம்’ என்றால் மரியாதை பார்க்காமல் வைத்துவிடுங்கள். 1600-லிருந்து வந்தாலும் ஓ.டி.பி., பின் நம்பர் எதையும் சொல்லாதீர்கள். அதை எந்த வங்கியும் கேட்காது.

போன் மட்டும்தான் ஏமாற்றும் என்று எண்ணிவிட வேண்டாம். கிளையே போலியாக இருந்த கதை நம் கடலூர் மாவட்டத்தில்தான் நடந்தது. 2020 ஜூலையில் பண்ருட்டியில், ஸ்டேட் பேங்க் கிளை என்ற பெயரில் கம்ப்யூட்டர், செலான், ரப்பர் ஸ்டாம்ப் சகிதம் ஒரு போலிக் கிளை நடத்தியதாக 19 வயது இளைஞர் ஒருவர், அவருக்கு அச்சடித்துக் கொடுத்தவர், ஸ்டாம்ப் செய்து கொடுத்தவர் என மூன்று பேர் கைதானார்கள். வாடிக்கையாளர் ஒருவர் உண்மையான கிளைக்குப் போய் ‘புதுசா ஒரு கிளை திறந்திருக்கீங்களே’ என்று விசாரித்ததில்தான் விஷயமே வெளியே வந்தது. பணத்தை இழந்ததாக யாரும் புகார் கொடுக்கவில்லை என்பது நம் அதிர்ஷ்டம். ஒரே ஒரு ஆள் கேட்ட ஒரே ஒரு கேள்விதான் அத்தனை பேரையும் காப்பாற்றியது.

சரி, கே.ஒய்.சி. என்று வங்கி நிஜமாகவே நிறுத்தினால்? ரிசர்வ் வங்கியின் விதிப்படி சாதாரண வாடிக்கையாளர், அதாவது ‘ரிஸ்க்’ குறைவு என்று வகைப்படுத்தப்பட்டவர், 10 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். நடுத்தர ரிஸ்க் என்றால் 8 வருடம், அதிக ரிஸ்க் என்றால் 2 வருடம். 2025 ஜூன் 12-ல் வந்த திருத்தம் நம் ஊர்க்காரர்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. கெடுவுக்கு முன் மூன்று முறையாவது வங்கி தெரியப்படுத்த வேண்டும். அதில் ஒன்றாவது தபாலில் கடிதமாக வர வேண்டும். கெடு தாண்டிய பிறகும் அதேபோல் மூன்று நினைவூட்டல், அதிலும் ஒரு கடிதம். ரிஸ்க் குறைந்த தனிநபரின் வரவு செலவை உடனே நிறுத்தக் கூடாது. கெடு முடிந்து ஓராண்டு வரை, அல்லது 2026 ஜூன் 30 வரை, எது பிந்தியதோ அதுவரை அவகாசம் உண்டு. விவரத்தில் மாற்றம் இல்லையென்றால் ‘மாற்றம் இல்லை’ என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும். இதை ஊரில் இருக்கும் வங்கி முகவர் மூலமாகவும் கொடுக்கலாம்.

ஆக, ‘இன்று இரவுக்குள்’ என்று எந்த விதியும் கிடையாது. இரவுக்குள் என்கிறவன் திருடன்.

அடுத்தது ஓ.டி. விருத்தாசலம் பீங்கான் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். நவராத்திரி கொலு பொம்மைக்கும் கார்த்திகை அகலுக்கும் சரக்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். களிமண், கிளேஸ், சூளைக்கு எரிபொருள், கூலி எல்லாம் முன்பணம். விற்ற காசு வருவது பிறகு. இடைப்பட்ட மாதங்களைத் தாண்டத்தான் ஓ.டி., கேஷ் கிரெடிட் கேட்கிறார்கள். ‘சிபில் (கடன் ஸ்கோர்) சரியில்லை’ என்ற இரண்டு வார்த்தையில் அது முடிந்துவிடுகிறது. அந்த வாரமே ஒரு போன் வரும். ‘முத்ரா லோன் 5 லட்சம் சாங்ஷன் ஆயிடுச்சு சார், ப்ராசஸிங் ஃபீஸ் 2,500 மட்டும் கட்டுங்க.’ கூடவே அசோகச் சின்னம் போட்ட ஒரு கடிதம். கட்டினால் அடுத்து இன்ஷூரன்ஸ், அதற்கடுத்து ஜி.எஸ்.டி. ஏற்கெனவே கட்டியது போய்விடுமே என்ற பயத்தில் மேலும் கட்டுவார்கள். அந்த பயத்தை வைத்தே பிழைக்கிறான் அவன். 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் முத்ரா அமைப்பு மக்களுக்கு நேராகக் கடன் கொடுப்பதே இல்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான் கொடுக்கின்றன. இதற்கு ஏஜென்ட் என்று யாரும் கிடையாது.

ஜன்தன் கணக்கின் பெயரிலும் இதே வேலை நடக்கிறது. எல்லோருக்கும் 10,000 ரூபாய் ஓ.டி. உண்டு என்று பேசிக்கொள்கிறார்கள். உண்மை கொஞ்சம் வேறு. 10,000 என்பது உச்சவரம்பு. கணக்கில் ஆறு மாதம் ஒழுங்காக வரவு செலவு இருக்க வேண்டும், வயது 18-லிருந்து 65-க்குள், குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும், அதுவும் பெண்ணுக்கு முன்னுரிமை. 2,000 ரூபாய் வரை நிபந்தனை இல்லை. விண்ணப்பம் கிளையில்தான். போனில் ‘லிமிட் ஏத்தித் தர்றேன்’ என்பவனுக்கு வேண்டியது உங்கள் ஆதாரும் ஓ.டி.பி.யும்தான்.

மறுத்த வங்கியையும் சும்மா விட வேண்டியதில்லை. எந்தக் கடன் விண்ணப்பத்தை நிராகரித்தாலும் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாயால் கேட்டு வாயால் மறுக்கப்பட்டுத் திரும்பாதீர்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்குங்கள், காரணத்தைக் காகிதத்தில் கேளுங்கள். சிபில் என்றால் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். என்றைக்கோ அடைத்த கடன் அதில் நிலுவை என்று நின்றுகொண்டிருந்தால் திருத்தச் சொல்லலாம். இதற்குக் காசு வாங்கிக்கொண்டு ‘ஸ்கோரை ஏத்துகிறேன்’ என்று சொல்லும் கடைகளை அண்ட வேண்டாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது கைரேகைதான். நம் கிராமங்களில் முதியோர் பென்ஷனும் கூலிப் பணமும் ஆதார் ரேகை வைத்துத்தான் பலர் கைக்கு வருகிறது. வங்கி முகவர்களில் சிலர் சின்ன மெஷினை நீட்டி, ‘ஆயா, ரேகை விழல, இன்னொரு தடவை வை’ என்பார்கள். வெயிலில் மண் வெட்டிய விரலில் ரேகை விழாமல் போவது நிஜம்தான், அதனால் ஆயாவும் வைக்கும். முதல் தடவையே பணம் எடுபட்டிருந்தால்? இரண்டாவது தடவை எடுத்தது யாருக்குப் போனது? பெரும்பாலான முகவர்கள் நேர்மையாகத்தான் செய்கிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் நம் கிழவிகள் பஸ் ஏறித்தான் போக வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு முறை விரல் வைத்ததற்கும் அச்சடித்த சீட்டு கேட்க வேண்டும். ‘தோல்வி’ என்றாலும் சீட்டு வரும். பேப்பர் தீர்ந்துவிட்டது என்றால் அன்றைக்கு விரல் வைக்காதீர்கள். பணம் எடுக்காத நாட்களில் ஆதார் ரேகையைப் பூட்டிவைக்கும் வசதி ஆதார் ஆப்பிலும் இணையதளத்திலும் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் செய்துகொடுக்கலாம்.

மினிமம் பேலன்ஸ் கோபத்தையும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஆயிரம் ரூபாய் போனபோது, சில வங்கிகள் அதையே அபராதமாகப் பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரிக்க வேண்டி வந்தது. முதல் மாதப் பணமே கைக்கு வராத அந்தப் பெண்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது. அவர்களிடம் ‘பிடித்த பணத்தைத் திருப்பித் தருகிறோம், லிங்க்கை அழுத்துங்கள்’ என்று ஒரு மெசேஜ் வந்தால் எத்தனை பேர் அழுத்தாமல் இருப்பார்கள்? ஸ்டேட் பேங்க் 2020-லும், கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-லும் சேமிப்புக் கணக்குக்கு இந்த அபராதத்தை நீக்கிவிட்டன. மற்ற வங்கியில் இருப்பவர்கள் கிளைக்குப் போய் அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றிக் கேளுங்கள். அதற்கு மினிமம் பேலன்ஸே கிடையாது.

கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. எங்கோ யாரோ திருடிய பணம் யு.பி.ஐ. வழியாக உங்கள் கணக்குக்கு ஒரு வியாபாரமாக வந்துவிட்டால், வேறு மாநில போலீஸ் சொல்லி வங்கி கணக்கை நிறுத்தும். மாசி மகக் கூட்டத்தில் நூறு முகம் தெரியாதவர்களிடம் ஸ்கேனில் பணம் வாங்குகிறவருக்கு இது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். சந்தேகத் தொகை எவ்வளவு என்று சொல்லாமல் கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்த ஸ்டேஷன், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘ஹோல்டை எடுத்துவிடுகிறேன், இருபதாயிரம் போடுங்கள்’ என்று ‘இன்ஸ்பெக்டர்’ யாராவது போனில் பேசினால், அவன் இரண்டாவது திருடன். கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் வாடகைக்கு விடும் பையன்களை வீட்டில் கண்டித்து வையுங்கள். வழக்கு கணக்குக்காரன் மேல்தான் வரும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் யாரிடமும் யோசனை கேட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், ஏ.டி.எம்.மில் எடுக்கும் முன் நிறுத்தினால்தான் உண்டு. அடுத்த அழைப்பு வங்கிக்கு, பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறமோ இருக்கும் நம்பருக்கு. 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியினுடையதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. வங்கியின் குறைபாடு என்றால் நாள் கணக்கே கிடையாது. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் நஷ்டம், புகாருக்குப் பிறகு போவது வங்கியின் நஷ்டம். அவமானத்தில் இரண்டு நாள் வீட்டுக்குள் மறைத்து வைப்பவர்கள்தான் இந்த உரிமையை இழக்கிறார்கள்.

புகாரை எழுத்தில் கொடுத்து நம்பர் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லையென்றால், ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் 14448-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

இதைப் படித்து முடித்ததும் அம்மா, அப்பா, தாத்தா, ஆயா போனை வாங்கி வாட்ஸ்அப்பில் இறங்கிய ஃபைல்களைப் பாருங்கள். வங்கியின் பெயரில் ஏ.பி.கே. ஏதாவது இருந்தால் முதலில் அந்த போனின் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள்.