ஆணியும் ஆப்பும்

ஆப்பசைத்த குரங்கின் கதையை அறியாத மாணவர் இலர். பிளந்த மரத்திடையே தச்சன் இறுக்கி வைத்த ஆப்பைப் பிடுங்கிய குரங்கு, அப்பிளவில் அகப்பட்டு மாண்டது. சிறுவர்க்கு அறிவுரையாகச் சொல்லப்படும் இக்கதையில் இயற்பியல் உண்மை ஒன்றும் அடங்கியுள்ளது. ஆப்பு மரத்தை இருபுறமும் நெருக்குகிறது. மரம் அதனைத் திருப்பி நெருக்குகிறது. அந்நெருக்கமே ஆப்பைப் பிடித்து நிறுத்துகிறது. வீட்டுச் சுவரில் புத்தகத் தட்டு ஒன்றை மாட்ட விரும்புவோர் முதலில் உணர வேண்டியதும் இதுவே.

சிங்கப்பூரின் சுவா சூ காங் முன்னாளில் தோட்டங்களும் பண்ணைகளும் நிறைந்த நாட்டுப்புறம். பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் கொண்ட வீடுகள் அங்கு மிகுதி. இன்றோ அது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் நிறைந்த நகரம். 1990-இல் பெருவிரைவு இரயில் நிலையமும் அங்குத் திறக்கப்பெற்றது. பலகை வீட்டில் படம் மாட்டச் சுத்தியலும் ஆணியும் போதும். மரத்தின் நார்கள் ஆணிக்கு வழிவிட்டு விலகி, மீண்டும் நெருங்கி வந்து அதனைக் கவ்விக்கொள்ளும். கான்கிரீட்டுக்கும் செங்கல்லுக்கும் அத்தகைய நார் இல்லை. அவை விலகிக் கொடுப்பதில்லை, நொறுங்குகின்றன. ஆதலின் அங்கே வெறும் திருகாணி நிலைப்பது அரிது. திருகாணிக்கும் சுவருக்கும் இடையே நெருக்கத்தை உண்டாக்கும் பொருள் ஒன்று வேண்டும்.

பழைய தச்சர், சுவரில் உளியால் குழி வெட்டி, அதில் மரக்கட்டையை அறைந்து, அக்கட்டையில் ஆணி அடித்தனர். அதனால் சுவர் பெரிதும் சிதைந்தது. 1911-ஆம் ஆண்டளவில் இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர்களைக் கெடுக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. அதற்கு வழி கண்டவர் ஜான் ஜோசப் ராலிங்ஸ். சணல் நாரை இறுக்கிச் செய்த சிறு குழலைத் துளையில் செருகித் திருகாணியை முடுக்கினார். குழல் விரிந்து சுவரைப் பற்றியது. 1958-இல் செருமானியரான ஆர்ட்டூர் ஃபிஷர் நைலானால் இத்தகைய முளையைச் செய்தார். இன்று கடைகளில் ‘வால் பிளக்’ எனக் கேட்டு வாங்கும் பிளாஸ்டிக் முளைகள் இவ்வழி வந்தவையே. பெயர் எதுவாயினும் அதன் தொழில் ஆப்பின் தொழிலே.

இவ்வுண்மை விளங்கினால் விதிகளும் எளிதில் விளங்கும். 6 மில்லிமீட்டர் முளைக்கு 6 மில்லிமீட்டர்த் துளையே இடவேண்டும். துளை பெரிதானால் முளை விரிந்தும் சுவரைத் தொடாது. சிறிதானால் உள்ளே செல்லாது. துளையின் ஆழம் முளையின் நீளத்தைவிட ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கூடுதலாக இருத்தல் நலம். திருகாணியின் நுனிக்கும் எஞ்சிய தூளுக்கும் அவ்விடம் வேண்டும். சுவரின் மேற்பூச்சு வலுவற்றது. ஆகவே முளை பூச்சைக் கடந்து உள்ளிருக்கும் கல்லில் அமர வேண்டும். துளையிட்டபின் தூளை ஊதியோ உறிஞ்சியோ நீக்குக. தூள் தங்கினால் முளை சுவரைப் பற்றாமல் தூளையே பற்றும். துளை தளர்ந்துவிட்டால் தீக்குச்சிகளைத் திணிப்பது பலர் வழக்கம். அது ஆப்புப் போலத் தோன்றினும் எல்லாப் புறமும் ஒருசீராக நெருக்காது. பெரிய துளையிட்டுப் பெரிய முளை செருகுவதே முறை.

கான்கிரீட்டைத் துளைக்கச் சுழற்சி மட்டும் போதாது. சுழன்றுகொண்டே இடிக்கும் துளைபொறியும், டங்ஸ்டன் கார்பைடு முனையுடைய அலகும் வேண்டும். இடி கல்லை நொறுக்குகிறது. சுழற்சி தூளை வெளியேற்றுகிறது. அத்தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆகவே கண்ணாடியும் முகமூடியும் அணிதல் வேண்டும்.

பிடித்து நிறுத்தும் நெருக்கமே பிளக்கவும் வல்லது. மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாக வெட்டிய ஆப்புக் குழிகளை இன்றும் காணலாம். கல்லைப் பிளப்பதற்காக வெட்டியவை அவை. கான்கிரீட் அழுத்தத்தைப் பெரிதும் தாங்கும். இழுவையை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தாங்கும். ஆதலின் சுவரின் ஓரத்தை ஒட்டியோ, ஒரு துளைக்கு மிக அருகில் மற்றொன்றோ இட்டால் சுவர் வெடிக்கும்.

அடுத்து எடையை நோக்குவோம். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டில் நூல்களைப் பரப்பினால், அவற்றின் எடை சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் தாக்குவதாகக் கொள்ளலாம். தட்டைத் தாங்கும் கோணச்சட்டத்தில் மேல் திருகாணிக்கும் கீழ்த் திருகாணிக்கும் இடைவெளி 15 சென்டிமீட்டராயின், மேல் திருகாணியை வெளியே இழுக்கும் விசை, அச்சட்டம் தாங்கும் எடைக்கு ஏறத்தாழ சமமாகும். இடைவெளி பாதியானால் இழுவை இரட்டிக்கும். எனவே தட்டு அகலமானால் சட்டமும் உயரமாதல் வேண்டும்.

எங்கே துளையிடலாகாது என்பதும் அறிய வேண்டும். சுவிட்சுக்கும் மின்செருகிக்கும் நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மின்கம்பிகள் சுவருள் மறைந்து செல்லக்கூடும். அங்குத் துளையிடுதல் உயிருக்கு ஆபத்து. மக்கள் ‘பாம் ஷெல்டர்’ எனும் காப்பறையின் சுவர், குடும்பத்தின் பாதுகாப்புக்கென 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளைப் பார்க்காமல் அதில் கைவைத்தல் கூடாது. அடுக்குமாடியில் ஒருவர் சுவரின் ஓசை மற்றவர் வீட்டிலும் ஒலிக்கும். ஆதலின் வேளையறிந்து செய்க.

முடுக்கும்போது திருகாணியுடன் முளையும் சுழன்றால் பிடிப்பில்லை என்பது பொருள். நூல்களை அடுக்குமுன் தட்டைக் கையால் அழுத்தி இழுத்துப் பார்த்தல் வேண்டும். குழந்தை உறங்கும் கட்டிலுக்கு மேலே கனமான தட்டை மாட்டாதிருத்தல் அதனினும் நன்று. வெளியில் தெரியும் திருகாணியின் தலை எவ்வளவு உறுதியாகத் தோன்றினும், எடையைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத உள்நெருக்கமே.