சித்தூர், திருப்பதி: சமாதானக் கடிதத்தில் முடியும் புகார்கள்

புது தில்லி: குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2005-ல்; நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26-ல். அச்சட்டத்தின் 5-வது பிரிவு காவல் துறைக்கு ஒரு கடமையை விதிக்கிறது. புகாருடன் வரும் பெண்ணிடம், நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கோரலாம், பாதுகாப்பு அலுவலரை அணுகலாம், இலவச சட்ட உதவி பெறலாம், குற்ற வழக்கும் தொடரலாம் என்று அதிகாரி எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மட்டுமன்றி, நாட்டின் பல பகுதிகளிலும் நடைமுறை வேறு. "கவுன்சலிங்" என்ற பெயரில் கணவன், மனைவி இருவரையும் உட்கார வைத்துப் பேசுவது. இனி அடிக்கமாட்டேன் என்று கணவனிடம் எழுதி வாங்குவது. பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது. பெரும்பாலான புகார்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

அந்தக் கடிதத்துக்குச் சட்ட வலிமை எதுவும் இல்லை. மாஜிஸ்திரேட் பிறப்பிக்கும் பாதுகாப்பு உத்தரவை மீறினால், 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.20 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் அது. காவல் துறை நேரடியாகக் கைது செய்யலாம். நிலையத்தில் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாளே கை ஓங்குபவனுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. பெண் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

காவல் துறையினர் இதற்குக் காட்டும் காரணம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். 498-ஏ பிரிவில் கண்மூடித்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் நீதிமன்றம் கூறியது உண்மையே. அது கைது பற்றிய தீர்ப்பு. வழக்குப் பதிவு செய்ய வேண்டாம் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. 2013-ல் வந்த லலிதா குமாரி தீர்ப்பு, மணவாழ்க்கைத் தகராறுகளில் முதல்நிலை விசாரணைக்கு இடம் தந்தது. 2024 ஜூலை 1 முதல் 498-ஏ, பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-வது பிரிவுகளாகிவிட்டது. இத்தகைய குற்றங்களில் முதல்நிலை விசாரணை நடத்த டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும். 14 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது உடன் வந்த நடைமுறைச் சட்டம். வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்று அறிவதே அந்த விசாரணையின் நோக்கம். தம்பதியைச் சேர்த்து வைப்பதற்கு அதில் வழி சொல்லப்படவில்லை.

காவலர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 2019-21-ம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வில், ஏதேனும் ஒரு காரணத்துக்காகக் கணவன் அடிப்பது நியாயமே என்று ஆந்திரப் பெண்களில் சுமார் 84 சதவீதம் பேர் கூறியுள்ளனர். நாடு முழுவதும், வன்முறைக்கு ஆளான பெண்களில் எவரிடமாவது உதவி நாடியவர்கள் 14 சதவீதம் பேர்தான். நாடாளுமன்றமும் இதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை. 2002-ல் மக்களவையில் தாக்கலான முந்தைய மசோதா, "வழக்கமாக" அடிப்பதை வன்முறை என்றது. தன்னையோ சொத்தையோ காத்துக்கொள்ளச் செய்தால் அது வன்முறை ஆகாது என்றும் சொன்னது. மகளிர் அமைப்புகளின் கடும் எதிர்ப்புக்கு உள்ளான அந்த மசோதா 2004-ல் மக்களவையுடன் சேர்ந்து காலாவதியானது.

ஆந்திர அரசு புதிய அமைப்புகளுக்குக் குறை வைக்கவில்லை. 2019-ல் தொடங்கிய கிராம, வார்டு செயலகங்களில் மகளிர் பாதுகாப்புக்கெனத் தனிச் செயலர்கள் நியமிக்கப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் சட்டப்பேரவை நிறைவேற்றிய திசா மசோதா சட்டமாகவில்லை. அதன் பெயரில் 2020 முதல் காவல் நிலையங்கள் மட்டும் திறக்கப்பட்டன. 2024-ல் ஆட்சி மாறியதும் அவை மகளிர் காவல் நிலையங்கள் ஆயின. பெயர்ப் பலகை மாறிய வேகத்தில் 5-வது பிரிவு உள்ளே நுழைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தமிழக எல்லையை ஒட்டிய இப்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேலூரிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் சித்தூர், நகரிப் பக்கம் மணமாகிப் போகும் தமிழ்ப் பெண்ணின் புகாரை நிலைய ரைட்டர் தெலுங்கில் எழுதுகிறார். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். படித்துக் காட்டினாலும், வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள புகாரில்தான் அவர் கையெழுத்திடுகிறார். அடிதாங்காமல் தாய்வீடு திரும்பியவர் அங்கேயே புகார் தரலாம் என்று 2019 ஏப்ரலில் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆயினும் "சம்பவம் நடந்த ஊருக்குப் போங்கள்" என்று எல்லையின் இருபுறமும் திருப்பி அனுப்பும் பழக்கம் விட்டபாடில்லை.

பாதுகாப்பு அலுவலரை அணுகுவதும் எளிதல்ல. ஆந்திரத்தில் மாவட்ட மகளிர் மேம்பாடு, குழந்தைகள் நலத் துறைத் திட்ட இயக்குநருக்கே இப்பொறுப்பும் தரப்பட்டது. அங்கன்வாடி முதல் ஊட்டச்சத்துத் திட்டம் வரை கவனிக்கும் ஒருவருக்கு இது கூடுதல் சுமை. 2022 ஜூலை 1 நிலவரப்படி நாடு முழுவதும் இச்சட்டத்தின் கீழ் 4.71 லட்சம் வழக்குகள் நிலுவையில் இருந்தன. 60 நாள்களில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். மாவட்ட, வட்ட அளவில் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரங்களுக்குள் அடையாளம் காண வேண்டும் என்று மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 மே 20-ல் உத்தரவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது 18 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.