படத்தில் அடங்காத மலை

நீலகிரிக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மலையைப் பார்ப்பதற்காகப் போகிறவர்கள் ஒரு வகை. மலைக்கு முன்னால் தாம் நிற்பதைப் பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காகப் போகிறவர்கள் மற்றொரு வகை. ஸ்மார்ட்போன் என்னும் சாதனம் எல்லாருடைய சட்டைப் பையிலும் புகுந்த பிறகு முதல் வகையார் அருகிப் போய்விட்டார்கள் என்று நாம் எண்ணியிருந்தோம். ஆகையால், "ஒரு நாள் மலைச் சுற்றுலா, கூடவே கைப்பேசியில் படம் பிடிக்கப் பயிற்சி" என்ற விளம்பரத்தைக் கண்டபோது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பதற்காகவாவது போய் வரலாமே என்று புறப்பட்டோம்.

காலை ஏழு மணிக்கு உதகமண்டலத்திலிருந்து வேன் கிளம்பியது. கல்லூரி மாணவர்கள் நால்வர், புதுமணத் தம்பதிகள் இருவர், பாங்கி உத்தியோகஸ்தர் ஒருவர், அவருடைய மனைவி, எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டியம்மாள், நாம் - ஆகப் பத்துப் பேர். வழிகாட்டியோ மலையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்.

முதலில் தொட்டபெட்டா. 2,637 மீட்டர் உயரமுள்ள இந்தச் சிகரந்தான் நீலகிரியில் மிக உயர்ந்தது. 'பெரிய மலை' என்பதே பெயரின் பொருள். மேலே போய்ச் சேர்ந்தால், மலையையும் காணோம், பள்ளத்தாக்கையும் காணோம். எங்கு பார்த்தாலும் மூடுபனி! எல்லாருடைய முகமும் வாடிவிட்டது.

"பனியும் ஒரு காட்சிதான். முதலில் லென்ஸைத் துணியால் துடையுங்கள், பாதிப் படங்கள் விரல் அழுக்கினால்தான் கெடுகின்றன," என்றார் வழிகாட்டி. பிறகு விளக்கினார்: "காமிராவுக்கு எது வெள்ளை என்று தெரியாது. எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சமாக ஆக்கவே அது பார்க்கும். அதனால் வெண்பனி சாம்பல் நிறமாகிவிடுகிறது. திரையில் மரத்தின்மீது விரலை அழுத்தி, வெளிச்சத்தைச் சிறிது கூட்டுங்கள். பிரகாசமான வானத்தை எடுக்கும்போது குறையுங்கள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம். படம் மங்கிப் போகும். கால்களால் நடந்து கிட்டே போங்கள்!"

அவ்விதமே செய்து பார்த்தோம். பனித்திரையினூடே ஒற்றை மரம் ஓவியம்போல் எழுந்து நின்றது. நமது சிரிப்பு அப்போதே பாதி குறைந்துவிட்டது.

அடுத்தபடியாகத் தலைகுந்தா பைன் மரக்காடு. நெடிதுயர்ந்த மரங்களின் நடுவே சூரிய கிரணங்கள் சாய்ந்து விழுந்தன. ஆளுக்கு ஐம்பது படம் எடுத்திருப்போம். "ஆகா, இயற்கையின் அழகே அழகு!" என்றார் பாங்கிக்காரர்.

"ஐயா, இது மனிதர் நட்ட காடு," என்றார் வழிகாட்டி. "பைன் இந்த மலையைச் சேர்ந்த மரமே அல்ல. யூகலிப்டஸும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. இந்த மலையின் சொந்த முகத்தைப் பார்க்கவேண்டுமானால் இன்னும் கொஞ்ச தூரம் போகவேண்டும்."

கூடலூர் சாலையில் ஒன்பதாவது மைலை அடுத்த புல்வெளியில் வேன் நின்றது. அலை அலையாகப் புல் மூடிய குன்றுகள். குன்றுகள் மடியும் இடங்களில் இருண்ட சிறு காடுகள். ஆங்கிலேயர்கள் 'ஷோலா' என்று எழுதியது நமது 'சோலை'யைத்தான். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளை ஓடச் செய்பவை இந்தச் சோலைகளும் புல்வெளிகளுமே. பவானிக்கும் மோயாற்றுக்கும் நீர் இங்கிருந்து போகிறது.

வழிகாட்டி தம் கைப்பேசியில் பழைய படங்கள் சிலவற்றைக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதகையில் ஸ்டூடியோ வைத்திருந்த பென் என்பவர் எடுத்தவை. அன்று புல்வெளியாய்க் கிடந்த குன்றுகளில் இன்று அந்நிய மரங்களும் கட்டடங்களும் தேயிலையும் நிறைந்திருக்கின்றன. அந்தப் படங்கள் இல்லாவிட்டால், மலை எப்படி இருந்தது என்று நாம் வாதாடவாவது முடியுமா?

மாணவர்களுக்குச் சோலை ருசிக்கவில்லை. "எல்லாம் ஒரே கறுப்பாய் விழுகிறது, சார்," என்றார்கள். பாட்டியம்மாள் மட்டும் நெடுநேரம் நின்று ஒரே ஒரு படம் எடுத்தாள்.

மாலையில் ஊசிமலை. கீழே பாதாளம், தூரத்தில் முதுமலைக் காடு நீலமாய்ப் படர்ந்திருந்தது. திடீரென்று மாணவர்களில் ஒருவன் கம்பி வேலியைத் தாண்டிப் பாறை விளிம்பில் போய் நின்றான். நமக்கு மூச்சே நின்றுவிட்டது.

வழிகாட்டி கூச்சல் போடவில்லை. "தம்பி, அப்படியே மெதுவாகத் திரும்பி வா," என்று நிதானமாகச் சொல்லிக் கை கொடுத்து இழுத்துக்கொண்டார். பின்னர் அந்தப் படத்தை அவனுக்கே காட்டினார். என்ன ஆச்சரியம்! அத்தனை பெரிய பாதாளம் படத்தில் ஒரு சிறு பள்ளமாகத்தான் தெரிந்தது. "அகன்ற லென்ஸுக்கு ஆழம் தெரியாது, தம்பி. உயிரைப் பணயம் வைத்தது நீ. படத்தில் அது விழவே இல்லை. வேலிக்கு இப்பால் நில். தூரத்திலிருந்து உன்னைச் சிறு உருவமாக எடுக்கிறேன். அப்போதுதான் மலை பெரிதாகத் தெரியும்," என்றார். பையன் நடுங்கிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் அவரவர் சிறந்த படத்தைக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. பாட்டியம்மாள் காட்டியது அந்தக் கறுத்த சோலையை.

"ஐம்பது வருஷத்துக்கு முன் கல்யாணமான புதிதில் அவரோடு இங்கே வந்தேன். எங்களிடம் காமிரா கிடையாது. இந்தக் காடு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தேன், தம்பி, இருக்கிறது," என்றாள். வேலி தாண்டிய மாணவன், "பாட்டி, அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்கள்," என்று கேட்டான்.

கூட்டம் பெருகியதால், 2024-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாகனத்துக்குச் சீட்டு வாங்கிவிடலாம். பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு எந்தக் காரியாலயத்தில் சீட்டு கொடுக்கிறார்கள்? நேயர்களே, மலைக்குப் போனால் உங்கள் முகத்தைத் தாராளமாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு படமாவது மலையின் முகத்தை எடுத்து வையுங்கள். ஐம்பது வருஷம் கழித்து யாராவது ஒருவர், "இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்.