மாலை ஆறு மணிக்குப் பின் மின்சாரம்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள கிராமங்களில் மாலை வேளை எவ்வாறிருக்கும் என்பதை நாம் அறிவோம். காலணித் தொழிற்சாலைகளின் பஸ்கள் வேலை முடிந்த பெண்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன. அரை மணிக்குள் வீட்டுக்கு வீடு விளக்கும் விசிறியும் மிக்ஸியும் தண்ணீர் மோட்டாரும் இயங்கத் தொடங்குகின்றன. கழனிக் கிணற்று மோட்டாரும் ஊராட்சியின் குடிநீர் மோட்டாரும் அதே சமயம் ஓடினால் விளக்கு மங்குகிறது. விசிறி அசைகிறதே தவிர, காற்று வருவதில்லை. மின்சாரம் போதவில்லை என்று குறைப்படுகிறோம். நாள் முழுவதையும் கணக்கிட்டால் அது போதும். அந்த ஓரிரு மணி நேரத்திற்குத்தான் போதாது.

ஊர்க்கோடியில் நிற்கும் டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். அது 63 கே.வி.ஏ. சக்தியுடையது என்றால், 5 குதிரைத்திறன் மோட்டார்கள் பன்னிரண்டு ஒருங்கே ஓடினாலே அதன் சக்தி ஏறக்குறைய தீர்ந்துவிடும். மின் அழுத்தம் குறைந்த நேரத்தில் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறுகிறது. நாளடைவில் காயில் கருகுகிறது. காயில் கட்டும் செலவு கட்டணமில்லா மின்சாரம் பெறும் விவசாயியின் தலையிலும் விழத்தான் செய்கிறது.

மாநிலம் முழுவதற்கும் இதே கதைதான். 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. இத்தகைய உச்ச நேரங்களுக்காகவே நிலையங்களும் கம்பிகளும் அமைக்க வேண்டியிருக்கிறது. பற்றாக்குறையை வெளியிலிருந்து மிகுந்த விலைக்கு வாங்கவும் நேருகிறது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. பொழுது சாய்ந்ததும் அந்த உதவி நின்றுவிடுகிறது.

தோல் ஊர்களின் பெரிய ஆலைகளுக்கு இது தெரிந்த பாடம். உயர் அழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகள் காலை உச்ச நேரத்திலும் மாலை 6 முதல் 10 வரையிலும் செலவிடும் மின்சாரத்திற்கு 25 சதவீதம் கூடுதலாகச் செலுத்த வேண்டும். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. தோலைச் சுழற்றும் டிரம்களும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பம்புகளும் மின்சாரத்தை விழுங்குபவை. எதை எப்போது ஓட்டுவது என்று கடிகாரத்தைப் பார்ப்பவருக்கு அதில் இலாபம் உண்டு. வீடுகளுக்கோ நேரக் கணக்கு இல்லை; இரண்டு மாதத்திற்கு ஒருமுறை யூனிட் கணக்கு மட்டுமே. எனினும் 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டபின் விவசாயம் நீங்கலாக ஏனையோருக்கும் நேரவாரிக் கட்டணம் விதிக்க வழி செய்துள்ளன. இப்பொழுதே பழகிக்கொள்வது நல்லது.

இதற்குத் துணைபுரியும் கருவிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. வெந்நீர்க் கருவிக்கு ஸ்மார்ட் பிளக் ஒன்று பொருத்தினால், குறித்த நேரத்தில் அது தானே இயங்கித் தானே நிற்கும், கைபேசியிலிருந்தும் நிறுத்தலாம். ஒரு தெருவில் 40 வீடுகளில் 2,000 வாட் வெந்நீர்க் கருவி ஒரே சமயத்தில் ஓடினால் 80 கிலோவாட் ஆகிறது, டிரான்ஸ்பார்மர் தாங்குமா? அறையைக் குளிர்விக்கும் ஏ.சி.யைப் பொறுத்தவரை, வெப்ப அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. கைபேசியால் நிறம் மாறும் பல்புகளையும் விற்கிறார்கள். ஒன்பது வாட் பல்பில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? அது வேடிக்கைப் பொருள். பணத்தை அதில் போட வேண்டாம்.

2022 செப்டம்பர் 6 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கடும் வெப்பத்தால் மின் தேவை 52,061 மெகாவாட்டாக உயர்ந்தது. மாலையில் கைபேசிகளுக்கு அவசரச் செய்தி ஒன்று அனுப்பினார்கள். சிறிது நேரத்தில் தேவை ஏறத்தாழ 2,000 மெகாவாட் இறங்கி, மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் நிறுத்தியது சிறு அளவே.

நம் கிராமங்களில் முதலிடம் பெறவேண்டியது குடிநீர் மோட்டார். மேல்நிலைத் தொட்டி என்பது நீரைச் சேமிப்பது மட்டுமன்று. நண்பகலில் நிரப்பி வைத்தால், மாலையில் செலவிடவேண்டிய மின்சாரத்தையே சேமித்து வைத்ததாகும். நீர்மட்டம் அறியும் கருவியும் கைபேசியால் இயங்கும் ஸ்டார்ட்டரும் இருந்தால், டேங்க் ஆபரேட்டர் நள்ளிரவில் ஓடவேண்டியதில்லை. தொட்டி வழிந்து தெருவில் ஓடுவதும் இல்லை. விவசாயிகளின் பம்புசெட்டுகளுக்கான இத்தகைய கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கி வந்துள்ளது; வட்டாரத்திலுள்ள அத்துறையின் பொறியாளரிடம் விவரம் கேட்டறியலாம்.

ஓர் எச்சரிக்கை. எல்லோரும் இரவு 10 மணிக்கே கருவிகளைத் திருப்பி வைத்தால், உச்ச சுமை 6 மணியிலிருந்து 10 மணிக்கு இடம் மாறுமே தவிரக் குறையாது. மின்வெட்டு நீங்கியவுடன் தானாகவே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர்களால் இன்றும் இந்தத் தொல்லை உண்டு. மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கத்தைப் போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். பத்து மோட்டார்கள் ஒன்றாகப் புறப்பட்டால் பியூஸ் போய்விடுகிறது. ஆகவே ஒரு டிரான்ஸ்பார்மரைச் சார்ந்த விவசாயிகள் ஒன்றுகூடி, மின்சாரம் வந்தபின் யார் மோட்டார் எத்தனை நிமிடம் தாமதித்து ஓடுவது என்று பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கால்வாய் நீரை முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது கடினமன்று. தாமத நேரத்தை ஸ்டார்ட்டரிலேயே வைத்துவிடலாம். இந்த முறைப் பட்டியலைக் கிராம சபையில் படித்து, மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்கும் ஒரு பிரதி கொடுத்து, டிரான்ஸ்பார்மரின் மாலைநேரச் சுமையை அளந்து தரும்படி கேட்கலாம்.