மாவ்பி நெல்லும் கானாடுகாத்தான் வளவும்

பர்மாவில், யாங்கோனிலிருந்து பியே செல்லும் ரயில் பாதையில், வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கிறது மாவ்பி. ரங்கூன், புரோம் என்று அந்த இரு நகரங்களையும் ஆங்கிலேயர் அழைத்த காலத்தில், 1877இல் திறந்த பாதை அது. இன்சைன் மாவட்டம் என்று அன்று பெயர்பெற்ற அந்த வட்டாரம் முழுக்க நெல். செட்டிநாட்டு வீடுகள் எழும்பப் பணம் தந்த அந்த வயல்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல், அவ்வீடுகளில் இன்று நடக்கும் ஓட்டல்களைப் பற்றி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கானாடுகாத்தானில் விசாலம் என்றொரு ஓட்டல். கே.வி.ஏ.எல். ராமநாதன் செட்டியார் தம் மகள் விசாலாட்சிக்காக 1939இல் கட்டிய வீடு. இன்று சி.ஜி.எச். எர்த் நிறுவனம் நடத்துகிறது. கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ். அதை மீட்டெடுத்தவர்கள் மிஷெல் அத்மான், பெர்னார் திராகோன் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள். கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். இவற்றுக்கெல்லாம் முன்னால், 1999இல், காரைக்குடியில் ‘பங்களா’வைத் திறந்து, வாழையிலையில் செட்டிநாட்டுச் சாப்பாடு போட்டு, வெளியூர்க்காரர்களை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தவர் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி.

அன்று இந்த வீடுகள் எழும்பிய விதத்தை முதலில் பார்க்க வேண்டும். கீழ் பர்மா 1852இல் ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பா வரை கிராக்கி. சதுப்புக் காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவனை வாசலில்கூட நிறுத்தாது. செட்டிநாட்டு நகரத்தார், அதாவது செட்டியார்கள், கொடுத்தார்கள். ரங்கூன் மொகல் தெருவில் அவர்களுடைய தலைமை வட்டிக்கடைகள். அங்கிருந்து ரயிலும் படகும் போகும் ஊர்தோறும் கிளைகள். ‘கொண்டுவிற்கப் போன’, அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போன இளைஞர்கள், பெட்டியடி என்ற எடுபிடி வேலையிலும் அடுத்தாள் என்ற உதவியாளாகவும் வேலை பழகி, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். 1930 வாக்கில் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது 1,600க்கு மேற்பட்ட செட்டியார் கடைகளும், ஏறத்தாழ 75 கோடி ரூபாய்க் கடனும் இருந்தன.

அந்த வட்டிதான் கப்பலேறித் தேக்குத் தூண்களாக வந்தது. கூடவே இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. தரைக்கு மட்டும் உள்ளூர் ஆத்தங்குடிக் கல். சுவருக்குச் சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பூச்சு. நூறாண்டு கழித்தும் கையால் தடவினால் வழுவழுக்கிறது. முகப்பு, நடு முற்றமான வளவு, இரண்டாங்கட்டு, சமையல்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. நாலாபுறமும் ஓடுகள் வளவை நோக்கிச் சரிந்திருக்கும். மழை நீர் அண்டாக்களில் விழும், மீதி ஊரணிக்குப் போகும்.

இத்தனை பெரிய வீட்டில் ஆளுக்கொரு அறைதான் என்பதை வெளியார் எளிதில் நம்ப மாட்டார்கள். மகனுக்குக் கல்யாணமானதும் ‘வேறு வைத்து’விடுவார்கள். கல்யாணமான ஆணைக் கணக்கிடும் ‘புள்ளி’ ஒன்றுக்கு ஓர் அறை, ஆண்டுக்கு இவ்வளவு அரிசி பருப்பு என்று அளந்து கொடுத்து, அவரவர் அடுப்பு அவரவருக்கு. பல வீடுகளில் அந்த அறையும் சீர்ச் சாமான் வைக்கத்தான். படுப்பது வளவுப் பத்தியில். சிக்கனத்தைச் சொல்லிக் கொடுத்த ஏற்பாடு அது. ஆனால் சொத்து தலைமுறைகளாகப் பிரிந்தபோது அதே ஏற்பாடு வீட்டுக்கு எமனானது. ஐம்பது அறுபது பங்காளிகள், ஆளுக்கொரு சாவி. ஓடு மாற்ற ஒருவர் காசு போட்டால் மற்றவர் போட மாட்டார். கையெழுத்துச் சேராமல் இடிந்த வீடுகள் எத்தனையோ. கையெழுத்துச் சேர்ந்த வீடுகளில் சில தூண் தூணாகக் கழன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போயின.

அதனால்தான் ஓட்டலாக மாறிய வளவுகளை நான் மனதார வரவேற்கிறேன். சீர்ச் சாமான் அறைக்குள் குளியலறை புகுந்திருக்கிறது, பின்கட்டில் நீச்சல் குளம் வந்திருக்கிறது. இருக்கட்டும். ஒழுகுகிற ஓட்டை மாற்ற இன்று ஒருவர் பொறுப்பில் இருக்கிறார். பத்து அடுப்பு எரிந்த இடத்தில் ஓர் அடுப்பாவது எரிகிறது. ஆத்தங்குடிக் கல் வார்ப்பவருக்கும், சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கும், கந்தரப்பம் சுடும் அக்காமாருக்கும் வேலை இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் பட்டியல் மழை ஒழுகலை நிறுத்தாது. வீட்டுக்குள் ஆள் புழங்க வேண்டும்.

எனக்குள்ள குறை, விருந்தினருக்குச் சொல்லப்படும் கதையில். “இது பர்மா தேக்கு” என்று தூணைத் தட்டிக் காட்டுகிறார்கள். பர்மாவிலிருந்து வந்ததென்று கவுனி அரிசியை இனிப்பாகப் பரிமாறுகிறார்கள். அதோடு பர்மா முடிந்துவிடுகிறது. 1930இல் உலகமே மந்தத்தில் விழுந்து நெல் விலை சரிந்தபோது, கடன் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கடைக்காரர் கைக்குப் போனது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார் வசம்; 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்து. இன்சைனும் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. நிலம் இழந்தவனின் கோபமும் உண்மை. நிலமல்ல, ரொக்கம்தான் வேண்டும் என்று தவித்த கடைக்காரரின் நெருக்கடியும் உண்மை. 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு ரங்கூனில் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர் நாடு திரும்பினார்கள், பலர் நடந்தே. பர்மாவின் விடுதலைக்குப் பிறகு நிலம் நாட்டுடைமையானது. 1962க்குப் பின் ராணுவ ஆட்சி கடைகளையும் எடுத்துக்கொண்டது. விசாலம் கட்டி முடிந்த ஆண்டையும் பர்மா வருமானம் வறண்ட ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வளவின் வெளிச்சமே வேறாகத் தெரியும்.

முகப்பில் தாத்தாமார் படங்கள் மாட்டியிருக்கும் சுவரில் கீழ் பர்மாவின் வரைபடம் ஒன்றையும் மாட்டலாம். ரங்கூனிலிருந்து வடக்கே கிளம்பும் ரயில் பாதை, இன்சைன், மாவ்பி, தராவடி என்று ஊர்ப் பெயர்கள், பக்கத்தில் கடைக் கணக்கேட்டின் ஒரு பக்கம். பழைய ஏடுகளும் மரவை என்ற அரக்குப் பாத்திரங்களும் பல குடும்பங்களின் அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. கேட்டால் கொடுப்பார்கள்.