சாம்பல் நோய்

சாம்பல் நோய் என்பது செடிகளின் இலை, தண்டு ஆகியவற்றின் மீது வெண்ணிறப் பொடி தூவியது போலப் படரும் பூஞ்சை நோயாகும். வீட்டுத் தோட்டங்களில் வெண்டை, பூசணி, வெள்ளரி ஆகியவற்றை இது அதிகம் தாக்குகிறது.

பரவும் முறை

பல பூஞ்சை நோய்கள் தொற்றுவதற்கு இலையில் நீர் தங்கியிருக்க வேண்டும். சாம்பல் நோயின் வித்துகள் முளைக்கக் காற்றிலுள்ள ஈரப்பதமே போதும். ஆகவே மழையற்ற, பகல் வறண்டு இரவு குளிரும் காலத்திலும் இது வேகமாகப் பரவும். வித்துகளைக் காற்று சுமந்து செல்கிறது. நெருக்கமான நடவும் நிழலும் நோய்க்கு ஏற்றவை.

அறிகுறிகள்

முதலில் முதிர்ந்த இலைகளில் சிறு வெண்புள்ளிகள் தோன்றும். பின்னர் அவை இணைந்து இலையை மூடும். ஒளிச்சேர்க்கை குறைந்து இலைகள் காய்ந்துவிடும், விளைச்சல் குறையும். மிளகாயில் வெண்பொடி பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் காணப்படும். மேற்பக்கத்தில் மஞ்சள் திட்டுகள் தெரியும். சில பூசணி வகைகளின் இலைகளில் வெண்திட்டுகள் இயல்பாகவே இருக்கும். விரலால் தேய்த்தால் நோய்ப்பொடி அழியும். இயல்பான திட்டு அழியாது.

கட்டுப்படுத்துதல்

- புள்ளிகள் தோன்றியவுடன் அந்த இலைகளைக் கிள்ளி அகற்ற வேண்டும்.
- செடிகளுக்கிடையே காற்றும் வெயிலும் புக இடைவெளி விட வேண்டும்.
- தழைச்சத்து உரத்தை அளவோடு இட வேண்டும்; மிகுதியான இளந்தளிர்கள் எளிதில் நோய்க்கு உள்ளாகும்.
- ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு நீர் கலந்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம். நோயின் தொடக்கத்தில் இது பயன் தரும்.
- வெண்டைக்கு நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் மாலையில் தெளிக்கலாம். கடும் வெயிலில் கந்தகம் இலைகளைக் கருக்கும். வெள்ளரி, பூசணி வகைகள் சில இதைத் தாங்காதவை என்பதால், அவற்றில் ஓரிரு இலைகளில் தெளித்துப் பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.