பழைய பெற்றோல் பம்புக்கு எந்தக் குளோப் பொருந்தும்?

பழைய பெற்றோல் பம்ப் ஒன்று கையில் கிடைத்தால் இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுத்துவிடுகிறோம். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது போக, எமது கரையோர ஊர்களில் எஞ்சியுள்ள பழைய பொருட்கள் சொற்பமே. அப்படியொரு பம்பைத் திருத்தி, வர்ணம் பூசி, ஹோட்டல் வாசலிலோ கடை முகப்பிலோ நிறுத்தினால் போகிறவர் வருகிறவர் நின்று பார்ப்பார்கள். விற்பதென்றாலும் இரும்பு விலையை விட நல்ல விலை கேட்கலாம். ஆனால் பலர் தவறு விடும் இடம் பம்பின் உச்சியில் வைக்கும் குளோப்தான்.

குளோப் என்பது உள்ளே மின்குமிழ் எரியும் கண்ணாடிக் கூடு. இரவில் தூரத்தில் வரும் சாரதிக்கு, இது எந்தக் கம்பனியின் பெற்றோல் என்று காட்டியது அதுவே. பிழையான குளோப்பை வைத்தால் பம்பின் வரலாறே பிழையாகிவிடும்.

எனவே முதலில் பம்பின் வயதைப் பாருங்கள். தயாரித்த கம்பனியின் பெயர்த்தகடு பெரும்பாலும் உடம்பிலேயே இருக்கும். அதைத் தேய்த்தோ, மேலே வர்ணம் பூசியோ அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது எண்ணெய்க் கம்பனி. எமது நாட்டில் ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகியவை பெற்றோல் விற்றன. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. 1964 ஜனவரி முதல் உள்நாட்டு விநியோகம் முழுவதும் அதன் கைக்கு வந்தது. ஆகவே 1964க்குப் பின் இங்கு பூட்டப்பட்ட பம்புக்கு அக்கம்பனிகளின் குளோப் பொருந்தாது. எஸ்ஸோ ஸ்டாண்டர்ட் ஈஸ்டர்ன் கம்பனியும், ஸ்டாண்டர்ட் வெக்கியூம் கம்பனி 1962இல் பிரிந்த பின் வந்ததே. ஷெல்லின் இன்றைய எளிய சிப்பிச் சின்னம் 1971இல் ரேமண்ட் லோவி வரைந்தது. அச்சின்னம் உள்ள குளோப்பை 1950களின் பம்பில் வைத்தால், விபரம் தெரிந்தவர் பார்த்தவுடனே சிரிப்பார்.

மூன்றாவது அளவு. பம்பின் தலையிலுள்ள வளையத்தின் விட்டத்தை அளந்து வைத்துக்கொண்டே குளோப் தேடுங்கள். அமெரிக்கக் குளோப்களில் 6 அங்குலக் கழுத்து சாதாரணம், எல்லாம் அப்படியல்ல. ஒரே வார்ப்பான பால்நிறக் கண்ணாடியும் உண்டு. நடுவில் ஒரு கூடும் இருபுறமும் இரு கண்ணாடி முகங்களுமாக மூன்று துண்டில் வருவதும் உண்டு. பழைய கண்ணாடி கனமாக இருக்கும், கழுத்து விளிம்பில் தேய்மானம் தெரியும். எழுத்து ஒட்டுத்தாளாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பூட்டும்போது கண்ணாடிக்கும் உலோகத்திற்கும் இடையில் றப்பர் வளையம் வையுங்கள். ஆணியை அளவுக்கு மேல் முறுக்க வேண்டாம். சூடு குறைந்த எல்.ஈ.டி. மின்குமிழே நல்லது. எமது உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத ஆணிகளே தாங்கும். இவை எல்லாவற்றுக்கும் முன், உள்ளே தேங்கிய பெற்றோலை முற்றாக அகற்றிவிட வேண்டும்.

அசல் குளோப் கிடைக்காவிட்டால் புதிதாகச் செய்ததை வைப்பதில் குற்றமில்லை. ஆனால் விற்கும்போது “பம்ப் பழையது, குளோப் புதியது” என்று வாயாலும் பற்றுச்சீட்டிலும் சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து வாங்கும் இலாபம் ஒரு தடவைதான். சொல்லி விற்பவரிடம் வாடிக்கையாளர் திரும்பவும் வருவார்.